மறைமலையடிகளின் நாளொழுக்கம்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் வேளையில் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். தம் மகன் இரவில் உறங்குவதில்லையென்றும், கைப்பேசியை மார்பின்மேல் வைத்துக்கொண்டு விடியுமளவும் விழித்துக் கிடக்கின்றானென்றும், யாது கேட்பினும் மனம் சரியில்லை என்ற ஒரு விடையே தருகின்றானென்றும் சொல்லிக் கண்கலங்கினார். யான் தமிழ் கற்பிக்கும் வாத்தியார், மருத்துவன் அல்லேன். ஆதலின் முதற்கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு கூறினேன். கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை 1794ஆம் ஆண்டிலிருந்தே நோயாளரைப் பேணி வருவது. அதன் வாயிலை மிதிப்பது குடிக்கு இழுக்கென்று கருதும் பேதைமை இன்னும் நம்மிடையே உளது. காய்ச்சலுக்கு மருந்துண்பார் நாணுவதில்லை. இதற்கு மட்டும் நாணுவது ஏனோ!

அம்மையார் தலையசைத்து, வீட்டில் யாம் செய்யத்தக்கது ஒன்றும் இல்லையோ ஐயா என்று மீட்டும் வினவினார். அவ்வினாவுக்கு அப்போது தக்க விடை எனக்குத் தோன்றவில்லை. பட்டாபிராம் இரயிலடியைக் கடந்து வீடு திரும்பும் வழியில் என்னுள்ளத்தில் எழுந்தவர், பல்லாவரத்தில் வாழ்ந்து 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மறைந்த மறைமலையடிகளார் ஆவர்.

அடிகளாரைத் தனித்தமிழ் இயக்கத்தின் தலைவராகவும் சைவப் பேராசிரியராகவும் நாமனைவேமும் அறிவோம். அவர் தம் உள்ளத்தை நாடோறும் எவ்வாறு பேணிக் காத்தார் என்பதனை நினைப்பார் சிலரே. அவர்தம் வரலாற்றை அவ்வொரு நெறியிலேயே ஈண்டு எழுதப் புகுகின்றேன். இதழைக் கையிலெடுத்தவுடன் அவர் நம்மவரோ அல்லரோ என்று கேட்கும் பெரியோர் நம் சங்கத்திற் சிலர் உளர். அடிகள் வேளாளர் குடியிற் பிறந்தவர். வேளாளர் நாகரிகம் என்றொரு நூலும் எழுதினார். சாதிவேற்றுமையும் போலிச்சைவரும் என்றொரு நூலும் எழுதினார். அவ்விரண்டனையும் ஒருசேரப் படிக்குமாறு அப்பெரியோரை வேண்டிக்கொண்டு மேற்செல்கின்றேன்.

நாகப்பட்டினத்தில் 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள், சொக்கநாத பிள்ளைக்கும் சின்னம்மையார்க்கும் அவர் பிறந்தார். தந்தையார் மருத்துவத் தொழிலினர். நெடுநாள் மகப்பேறின்றித் திருக்கழுக்குன்றத்து வேதாசலப் பெருமானை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் வேதாசலம் என்று பெயரிட்டனர். வெசுலியன் மிசன் பள்ளியில் நான்காம் படிவம் வரையே படிப்பு நடந்தது. தந்தையார் மறைவால் பள்ளி நின்றது. பிள்ளையைக் காக்கும் பொறை அன்னையார் தலைமேல் வீழ்ந்தது.

பள்ளி நின்ற இளைஞர் பலர் கற்றது கைவிட்டுத் திரிதல் உலகியல்பு. இவரோ புத்தகக் கடை வைத்திருந்த வெ. நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரை அடைந்து தமிழ் பயின்றார். தொல்காப்பியத்தையும் திருக்கோவையாரையும் இருபத்தொரு வயதுக்குள் நெட்டுருவாக்கியதாகப் பிற்காலத்தில் அவரே குறித்துள்ளார். பண்டிதப் படிப்புக்காகத் தொல்காப்பியத்தின் ஒரு பகுதியை மட்டும் உருப்போட முயன்றவன் யான். எனவே அஃது எத்தகைய உழைப்பு என்பது எனக்குத் தெரியும். ஒரே நாளில் நூறு நூற்பாவை விழுங்கினால் மறுநாள் ஒன்றும் எஞ்சாது. நாளொன்றுக்கு நாலைந்து நூற்பா, முந்தின நாளதைத் திருப்பியபின் புதியது என்று சென்றாலன்றி அக்கடலைக் கடத்தல் ஒல்லாது. அடிகளின் பிற்கால ஒழுக்கமனைத்துக்கும் வித்து அந்நாகைக் கடைத்தெருவிலேயே ஊன்றப்பட்டது என்பது என் துணிபு.

1898ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்தில் இல்லை. சென்னைப் பட்டணத்துள்ளேயே இருந்தது. பரிதிமாற் கலைஞர் எனப் போற்றப்படும் வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் அங்கே உடனாசிரியர். வேலை கிடைத்த மகிழ்ச்சி நீடிக்குமுன் நோய் வந்து பற்றியது. நோயுற்ற காலத்தில் திருவொற்றியூர் முருகனை வேண்டிப் பாடத் தொடங்கிய திருவொற்றி முருகர் மும்மணிக்கோவை 1900இல் வெளிவந்தது. அதற்கு மறு ஆண்டே, தமக்குச் சைவசித்தாந்தம் அறிவுறுத்திய சோமசுந்தர நாயகர் காலமானார். ஆசிரியரை இழந்த துயரம் சோமசுந்தரக் காஞ்சி என்னும் செய்யுணூலாக வடிவெடுத்தது. நோய் வரின் ஒரு நூல், துயர் வரின் ஒரு நூல்! இடர் வந்துழிக் கையைக் கட்டிக்கொண்டு அமர்தல் அவர் இயல்பன்று.

செய்யுள் இயற்றுதல் எல்லார்க்கும் கைவருவதன்று. ஆனால் எல்லார்க்கும் கைவரத்தக்க மற்றொன்றையும் அவர் செய்தார். கல்லூரிப் பணியேற்ற அந்த 1898ஆம் ஆண்டளவில் தொடங்கிய நாட்குறிப்பைத் தாம் மறைந்த 1950ஆம் ஆண்டு வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் எழுதிவந்தார். அதனை ஆங்கிலத்தில் எழுதினார் என்பது கேட்போர்க்கு வியப்பாயிருக்கும். தமிழிற் பிறசொற் கலத்தலைப் பொறாதவர், தம்மோடு தாம் பேசுதற்கு ஆங்கிலத்தை ஏன் தெரிந்துகொண்டார்? நான்காம் படிவத்தோடு நின்றுபோன ஆங்கிலக் கல்வியை நாடோறும் தீட்டிக் கூராக்குதற்கு அதனையும் ஒரு பயிற்சியாகக் கொண்டார் என்றே யான் எண்ணுகின்றேன். காரணம் யாதாயினும் ஆகுக. அன்றன்று நிகழ்ந்தவற்றை அன்றன்றே எழுத்தில் இறக்கி வைத்துவிட்டால், நெஞ்சில் அது கிடந்து புரளுதற்கு இடமில்லை. கொடுக்கல் வாங்கலை நாடோறும் பேரேட்டிற் பதியும் கடைக்காரர் நிம்மதியாய் உறங்குவதும், வாய்க்கணக்கு வைத்திருப்பவர் நள்ளிரவில் விழித்தெழுவதும் நம் கடைத்தெருவிலேயே காணக்கூடியன அல்லவோ?

இனி, 1911ஆம் ஆண்டுக்கு வருவோம். அடிகள் வாழ்வில் உள்ளத்தை முறித்திருக்கக்கூடிய முதற் பேரிடர் அவ்வாண்டிலேயே நேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றித் தமிழைக் கட்டாயப் பாடமாக அன்றி விருப்பப் பாடமாக ஆக்கியது. அதனால் கல்லூரியில் தமிழாசிரியர் பலர் வேண்டாதாராயினர். பதின்மூன்று ஆண்டு கற்பித்தவர், முப்பத்தைந்து வயது நிரம்பாதவர், மனைவி மக்களுடையவர், அவ்வாண்டு ஏப்பிரல் திங்களிற் பணியினின்று நீங்கினார். மாதச் சம்பளம் நின்றது. அதனினும் கொடியது, தாம் உயிரெனக் கருதிய தமிழ் வேண்டுவார் வேண்டும் பாடமாய்த் தாழ்ந்தமை. பட்டணத்து வாழ்வை விடுத்துப் பல்லாவரத்திற் குடியேறினார். அவ்வாண்டிலேயே துவராடை உடுத்துத் துறவுநிலை மேற்கொண்டார். ஆயினும் மனைவி சௌந்தரவல்லியம்மையாரையும் மக்களையும் விட்டு நீங்கினாரல்லர். இல்லத்திலிருந்தே துறவு பூண்ட இவ்வொழுக்கத்தைப் பலர் குறை கூறினர். குழந்தைகளைத் தெருவில் விட்டுக் காடேகும் துறவினும் இது மேலானது என்பது என் கருத்து.

வேலை இழந்தார்க்கு முதலில் குலைவது பொழுது. மணியடித்து எழுந்து, மணியடித்து உண்டு, மணியடித்து வீடு திரும்பியவர்க்குத் திடுமென மணியே இல்லாத நாள் வந்தால், காலையும் மாலையும் ஒன்றாய்க் குழம்பும். இதனை யான் ஏட்டிற் கற்றுச் சொல்லவில்லை. சில ஆண்டுகட்கு முன் யான் பணியாற்றிய ஒரு தனியார் பள்ளியில் ஆண்டின் நடுவே என்னை நிறுத்திவிட்டனர். ஆறு திங்கள் வீட்டில் இருந்தேன். முதல் ஒரு திங்கள் முகமழிப்பதையும் விட்டேன். உண்ட தட்டை எடுத்து வைப்பதற்கும் சோம்பினேன். என் மனைவி ஒரு சொல்லும் சொல்லாதிருந்ததே எனக்குப் பெருஞ்சுமையாய் இருந்தது. அந்நாளில் அடிகளைப் பின்பற்றுவதாக எண்ணி ஒரு தடித்த நாட்குறிப்பேடு வாங்கிப் பக்கம் பக்கமாய் எழுதத் தொடங்கினேன். பதினொரு நாளில் அது நின்றது. பின்பு நாளுக்கு இரண்டே வரி என்று சுருக்கிக்கொண்டேன். அது நின்றுவிடவில்லை.

பல்லாவரத்தில் அடிகள் தமக்கென ஒரு மணியைத் தாமே அமைத்துக்கொண்டார். படித்தல், எழுதுதல், வழிபாடு, மாணவர்க்குக் கற்பித்தல், வந்த மடல்கட்கு விடையெழுதல் என்று பொழுது பகுக்கப்பட்டது. 1902இல் தொடங்கிய ஞானசாகரம் என்னும் இதழும், வள்ளலார் நெறியைத் தழுவி நிறுவிய சமரச சன்மார்க்க நிலையமும் அவர் கையில் இருந்தன. சம்பளம் இல்லாக் குறையைச் சொற்பொழிவும் நூல் விற்பனையும் ஒருவாறு நிரப்பின. 1914இல் இலங்கைக்கும் சென்று சொற்பெருக்காற்றினார். கிடைத்த பொருளிற் பெரும்பகுதி புத்தகங்களாய் மாறியது. மணிமொழி நூல்நிலையம் என்னும் பெயரால் அவர் ஏறத்தாழ நாலாயிரம் நூல்களைத் தொகுத்தார். வீட்டுச் செலவுக்கு இறுக்கமான காலத்தும் நூல் வாங்கல் நிற்கவில்லை என்றால், அவர்தம் வாழ்க்கைத் துணைவியார் பொறுத்தவற்றையும் ஈண்டு நாம் நினைத்தல் வேண்டும். பெரியோர் வரலாறு எழுதுவார் அடுக்களையை எட்டிப் பார்ப்பதில்லை.

தாம் கைக்கொண்டவற்றைப் பிறர்க்கும் பயன்பட எழுதினார். பொருந்தும் உணவும் பொருந்தா உணவும் என்னும் நூல் 1921இலும், யோகநித்திரை அல்லது அறிதுயில் 1922இலும், மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை 1933இலும் வெளிவந்தன. இவற்றுள் நம் அம்மையாரின் வினாவுக்கு நேரே விடையிறுப்பது அறிதுயில். படுக்கையிற் கிடந்து கைகால்களையும் உடலையும் இறுக்கமின்றித் தளரவிட்டு, மூச்சை மெல்லென ஓடவிட்டு, உள்ளத்தை ஒரு நல்லெண்ணத்தில் நிறுத்திப் பழகின் நோயும் கவலையும் குறையும் என்பது அதன் சாரம். மேனாட்டு மனவசிய நூல்களை ஆய்ந்தும், நம்மவர் யோகநெறியோடு அவற்றை ஒப்பிட்டும் எழுதியது. சிக்காகோ நகரத்து எட்மண்டு சேக்கப்சன் என்னும் மருத்துவர், தசைகளை ஒவ்வொன்றாய்த் தளர்த்தி மனத்தை அமைதிப்படுத்தும் முறையைப் பற்றித் தம் நூலை வெளியிட்டது 1929இல். இரண்டும் ஒன்றே என்று யான் கூறவில்லை. வந்த வழி வேறு. ஆயினும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பல்லாவரத்திலும் சிக்காகோவிலும் இருவர், தளராத உடலில் அமைதியான மனம் தங்காது என்னும் ஒரே உண்மையைத் தொட்டனர் என்பது இன்புறத்தக்கது. உடலைத் தளர்த்தும் அம்முறையை இன்றும் மருத்துவர்கள் உறக்கமின்மைக்குக் கற்பிக்கின்றனர்.

அடிகள் எழுதிய அனைத்தும் இன்று நிற்குமோ எனின், நில்லா. மனவசியத்தாலும் தொலைவிலுணர்தலாலும் ஆவன என்று அவர் நம்பியவற்றுட் பல ஆராய்ச்சிக்கு முன் நிலைபெறவில்லை. நூறாண்டு வாழ வழி எழுதியவர் தாம் வாழ்ந்தது எழுபத்து நான்கு ஆண்டே. மாதந்தோறும் வரவேண்டிய இதழும் பன்முறை பிந்தி வந்தது. இவற்றை மறைத்து எழுதினால் இளைஞர்க்கு அவர் எட்டாத தெய்வமாகிவிடுவார். எட்டாத தெய்வத்தை வணங்கலாமேயன்றிப் பின்பற்றலாகாது. ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று ஏட்டை எறிந்துவிடும் பிள்ளைகளுக்கு இப்பிந்திய இதழ்களின் கதையையும் சொல்லுதல் நலம். இலண்டன் பல்கலைக் கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 96 பேர் புதியதொரு சிறு பழக்கத்தை நாடோறும் செய்யுமாறு பார்த்தனர். பழக்கம் தானாகவே நிகழும் நிலையை எய்தச் சிலர்க்கு 18 நாளே போதியது. சிலர்க்கு 254 நாள் வரை ஆகும் என்று கணிக்கப்பட்டது. நடுவளவு 66 நாள். இடையில் ஒருநாள் தவறியமையால் பெருங்கேடு ஒன்றும் விளையவில்லை என்பதும் அவ்வாய்விற் கண்டது. இருபத்தொரு நாளில் எதுவும் பழகிவிடும் என்று கைப்பேசியில் உலவும் செய்தியை நம்பி இருபத்திரண்டாம் நாள் சோர்வார்க்கு இது பயன்படும்.

அடிகளின் நாளொழுக்கத்துக்கு உண்மையான சோதனை அவர்தம் முதுமையிலேயே வந்தது. 1916ஆம் ஆண்டிற்குச் சற்றுத் திரும்புவோம். ஒருநாள் தோட்டத்தில் தம் மகள் நீலாம்பிகையோடு உலாவியபோது வள்ளலார் பாட்டொன்றைப் பாடிவந்த அடிகள், அதிலுள்ள தேகம் என்னும் சொல்லினிடத்து யாக்கை என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருப்பின் இன்னும் இனிதாகுமே என்று மகளிடம் கூறினார். பதின்மூன்று வயதுப் பெண் அதனைக் கேட்டு, அங்ஙனமாயின் நாம் இனித் தூய தமிழிலேயே பேசுவோம் என்றனளாம். வேதாசலம் மறைமலை ஆயதும், ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயதும், சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயதும் அவ்வுலாவின் பின்னரே. தந்தைக்கு மகள் வழிகாட்டிய அரிய நிகழ்ச்சி அது. அந்நீலாம்பிகையார் வளர்ந்து வடசொற்றமிழ் அகரவரிசை தொகுத்தார். சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தை நிறுவிய திருவரங்கனாரை மணந்தார்.

திருவரங்கனார் 1944இல் இறந்தார். மறு ஆண்டு நவம்பர்த் திங்களில் நீலாம்பிகையாரும் நாற்பத்திரண்டு வயதில் மறைந்தார். அடிகட்கு அப்போது அறுபத்தொன்பது. மருமகனும் மகளும் ஓராண்டு இடைவெளியில் முன்னே செல்ல, தாம் பின்னே தங்கி நிற்றல் எத்தகைய துன்பமென்பதை அதனை நுகர்ந்தாரே அறிவர். அறிதுயிலும் அளவுணவும் அத்துயரை நீக்கியிருக்கும் என்று யான் சொல்லத் துணியேன். துயர் நீங்குதல் வேறு. துயரோடு நாளைக் கழித்தல் வேறு. நாட்குறிப்பு 1945இல் நிற்கவில்லை. படிப்பு நிற்கவில்லை. பொழுது விடிந்தால் செய்தற்கு ஒரு சிறு செயல் ஆயத்தமாய் இருந்தது. மேலும் ஐந்தாண்டுக் காலம் அவ்வாறே கடந்தது. ஆராய்ந்து நூல் எழுதிய அடிகளினும், மகளை இழந்த பின்னும் அன்றைய தேதியை இட்டு ஏட்டைத் திறந்த அவ்வடிகளே எனக்குப் பெரியராய்த் தோன்றுகின்றார்.

அவர் சேர்த்த நூல்கள் வீணாகவில்லை. 1958ஆம் ஆண்டு சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் என்னும் பெயரால் பொதுமக்கட்குத் திறக்கப்பட்டன. தமிழாராய்வார் பல தலைமுறை அங்கே அமர்ந்து படித்தனர்.

இவற்றையெல்லாம் அந்த அம்மையாரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிற்கே சென்று சொன்னேன். மகன் உள்ளறையிற் கேட்டுக்கொண்டிருந்தான் போலும். புதிதாய் எழுந்துள்ள டைடல் பூங்காவில் இராப்பணி தேடி அலைந்து கிடைக்காதவன் என்பது அன்றுதான் தெரிந்தது. மருத்துவரிடம் இருமுறை சென்று வந்திருக்கிறான். யான் கொண்டுபோன நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, நாளுக்கு இரண்டு வரி, கைப்பேசியை வேற்றறையில் வைத்தபின் எழுதுக என்று மட்டும் சொல்லி வந்தேன். அவன் வாய்திறந்து ஒன்றும் கூறவில்லை. பத்து நாள் கழித்து அம்மையார் கடைத்தெருவில் எதிர்ப்பட்டார். முதல் நாள் உறக்கம் வரவில்லை என்று ஒரே வரி எழுதியிருந்தானாம். இரண்டாம் நாளும் அதுவே. மூன்றாம் நாள் ஏடு வெறுமையாய் இருந்ததாம். நான்காம் நாள் உறக்கம் வரவில்லை என்பதன் கீழே, மழை பெய்தது, மாடியிற் காய்ந்த துணியை எடுத்தேன் என்று மற்றொரு வரியும் இருந்ததாம்.